எம்.ஜி.பி. ஜி.டி.யில் ரோவர் வி8: இரண்டு முறை பொருத்திய ஹெடர்

பின்னணி

1978-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஜி.டி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, இங்கிலாந்தில் ஒரு சிறிய பட்டறைக்கு எஞ்சின் மாற்ற வந்தது. வலப்பக்க ஸ்டியரிங், கறுப்பு ரப்பர் பம்பர். உள்ளே இருந்தது 1798 சி.சி. பி-சீரீஸ் எஞ்சின். நம் ஊர் அம்பாசடரில் ஓடிய 1489 சி.சி. எஞ்சினும் இதே குடும்பம்தான். அதை இறக்கிவிட்டு, ரோவர் எஸ்.டி.1 காரிலிருந்து எடுத்த 3528 சி.சி. அலுமினிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றுவது திட்டம்.

இது புதிய யோசனை அல்ல. 1973 முதல் 1976 வரை தொழிற்சாலையே இதே வி8 எஞ்சினோடு 2,591 ஜி.டி. கார்களைக் கட்டியது. 1974 இறுதியில் வந்த ரப்பர் பம்பர் உடலில் எஞ்சின் அறையும் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் இடங்களும் வி8-க்கு ஏற்றபடியே இருக்கும். அதனால் எஞ்சின் உட்காருவதில் பெரிய சண்டை கிடையாது. இந்த மாற்றத்தில் சண்டை போடுவது புகைவழிதான். எஸ்.டி.1-இன் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் பாகம்) அப்படியே வைத்துப் பார்த்தபோது அதன் வாய் உள் மட்கார்டுத் தகட்டில் முட்டியது. வேறு மேனிஃபோல்ட் தேட வேண்டியதாயிற்று.

மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, தொழிற்சாலை வி8 கார்களில் இருந்தது போன்ற வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட். இரண்டு, எஞ்சினை ஒட்டியே கீழிறங்கும் குழாய் ஹெடர், அதாவது வார்ப்புக்குப் பதில் தனித்தனிக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த மேனிஃபோல்ட். மூன்று, உள் மட்கார்டில் துளை வெட்டிக் குழாய்களை முன்சக்கரத்துக்குப் பின்னால் இறக்கும் முறை, அதாவது 1990-களின் எம்.ஜி. ஆர்.வி.8 காரில் வந்த அமைப்பு. வார்ப்பிரும்பு ஜோடி நல்ல நிலையில் கிடைக்கவில்லை. உடலை வெட்ட உரிமையாளருக்கு மனமில்லை. ஆகவே இரண்டாவது வழி: 304 ஸ்டெயின்லெஸ் எஃகு, 1.6 மி.மீ. சுவர், 8 மி.மீ. தடிமனில் ஒரே தகடாக ஃபிளாஞ்ச் (எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கும் தட்டு). ‘எம்.ஜி.பி. வி8-க்குப் பொருந்தும்’ என்று விற்கப்பட்ட ஜோடி. அந்த விளம்பரப் படத்தில் இருந்தது இடப்பக்க ஸ்டியரிங் கார் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

முதல் பொருத்தல்

ஹெடரை எஞ்சின் ஸ்டாண்டில் வைத்தே பூட்டினார்கள். போல்ட் பழையவை: வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைப் பிடித்திருந்த 3/8 அங்குல யு.என்.சி. (அங்குல அளவு மரை) போல்ட்கள், ஒரு பக்கத்துக்கு எட்டு. மரையைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்து, புதுக் கேஸ்கட் (நசுங்கிக் கசிவை அடைக்கும் தாள்) வைத்து, டார்க் ரெஞ்சில் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கினார்கள். ரெஞ்ச் பதினாறு முறையும் ‘டிக்’ என்றது.

பிறகு கிரேனில் எஞ்சினை இறக்கி மவுண்டில் உட்கார வைத்தார்கள். கிரேன் சங்கிலி இன்னும் சற்று இறுக்கமாக இருக்கும்போதே, சக்கரம் நேராக நின்ற நிலையில், வலது ஹெடருக்கும் ஸ்டியரிங் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயிண்ட்டுக்கும் (கோணத்திலும் சுழலும் மூட்டு) இடையே அளந்தார்கள். 10 மி.மீ. இருந்தது. போதும் என்று முடிவானது. முழுப் பொருத்தலுக்கும் ஒன்பது மணி நேரம் ஆனது.

140 மைலுக்குள் தெரிந்தவை

உரிமையாளர் ஓட்டத் தொடங்கிய இரண்டு வாரத்தில் நான்கு புகார்கள் வந்தன.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது இரு பக்கமும் ‘டக் டக்’ என்று டேப்பெட் போல ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் குறையும், ஆனால் போகாது. ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வரும்போது சைலன்சரில் வெடிச் சத்தம்.

முதல் கியரில் வேகமாக எடுக்கும்போது ஸ்டியரிங் வழியாகக் கையில் ஒரு கரகரப்பு.

இருபது நிமிடம் ஓட்டி, பெட்ரோல் போட நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ‘க்ளிக்’ என்பதோடு சரி. அரைமணி நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

கடைசியாக, எட்டாம் சிலிண்டர் பிளக் வயரின் ரப்பர் தொப்பி உருகி ஒரு சிலிண்டர் விட்டு ஓடியது.

இரண்டாவது புகாரைக் கேட்டதும் கார் ஓட்டத்தை நிறுத்திவிடும்படி பட்டறை சொன்னது. அது சரியான முடிவு. மற்ற மூன்றும் தொல்லை, இது ஆபத்து. ஸ்டியரிங்கின் சுழலும் பாகத்தில் எது உரசினாலும் அன்றே காரை நிறுத்த வேண்டும்.

கழற்றும் முன் செய்த சோதனை

எஞ்சின் குளிர்ந்திருக்க, வாக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் வாயைச் சைலன்சர் முனையில் துணி சுற்றிச் செருகி, ஃபிளாஞ்ச் ஓரமெல்லாம் சோப்பு நீர் தெளித்தார்கள். வலப்பக்கம் இரண்டு இடங்களிலும் இடப்பக்கம் ஒரு இடத்திலும் நுரை பொங்கியது. எஞ்சினை ஓடவிட்டுக் காதால் தேடுவதைவிட இது எளிது, கையும் சுடாது.

கசிவு எஞ்சின் அறையில் இருப்பதால் இன்னொன்றும் செய்தார்கள்: பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை உள்ளே வைத்து ஹீட்டரை ஓடவிட்டார்கள். எம்.ஜி.பி.யின் ஹீட்டர், கண்ணாடிக்கு முன்னால் உள்ள ஜாலியிலிருந்து காற்றை இழுக்கிறது. டாஷ்போர்டுக்குப் பின்புறத் தகட்டில் வயர் போகும் துளைகளின் ரப்பர் கிழிந்திருந்தால் எஞ்சின் அறைக் காற்றும் உள்ளே வரும். இந்தக் காரில் அலாரம் அடிக்கவில்லை. ஆனாலும் காய்ந்துபோன இரண்டு ரப்பர் வளையங்களை மாற்றினார்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை. புகை நாற்றம் அடிக்கவில்லை என்பதை வைத்துத் தைரியமாக இருக்க முடியாது.

கழற்றியபின் கண்டது

கேஸ்கட்டில் புகைத் துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவே விசிறி விரித்தது போலக் கரி படிந்திருந்தது. அந்த விசிறி இருந்த மூன்று இடங்களிலும் கேஸ்கட் நசுங்கவே இல்லை. கையில் எடுத்தால் புதிது போலவே இருந்தது.

காரணத்தைப் போல்ட்டில் கண்டுபிடித்தார்கள். பழைய போல்ட்டின் நீளம் 35 மி.மீ. (1 3/8 அங்குலம்). வார்ப்பிரும்பு ஃபிளாஞ்ச் தடிமனானது, அதற்கு இந்த நீளம் தேவைப்பட்டது. புது ஃபிளாஞ்ச் 8, கேஸ்கட் 1.5, வாஷர் 2, ஆக 11.5 மி.மீ. மீதி 23.4 மி.மீ. சிலிண்டர் தலையில் (சிலிண்டர்களை மூடும் எஞ்சினின் மேல்பாகம், பக்கத்துக்கு ஒன்று) உள்ள துளைக்குள் போக வேண்டும். துளைகளை வெர்னியரின் வாலால் அளந்தபோது பெரும்பாலானவை 25 மி.மீ. ஆழம் காட்டின. கசிந்த மூன்று இடங்களில் மட்டும் அடியில் பழைய துருத்தூளும் கரியும் இறுகி 23 மி.மீ.தான் இருந்தது. போல்ட்டின் நுனி துளையின் அடியில் முட்டியதும் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ சொல்லிவிட்டது. கேஸ்கட்டை நசுக்க வேண்டிய கடைசி 0.4 மி.மீ. வரவேயில்லை. டார்க் ரெஞ்ச் போல்ட்டைத் திருப்பும் விசையை மட்டுமே அளக்கும். அந்த விசை ஃபிளாஞ்சை அழுத்துகிறதா, துளையின் அடியைக் குத்துகிறதா என்று அதற்குத் தெரியாது.

இது மட்டும் இல்லை. ஃபிளாஞ்சைத் தட்டையான கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டபோது நடுவில் 0.6 மி.மீ. வளைவு. குழாய்களைப் பற்றவைக்கும்போது வந்த இழுப்பு அது. புது ஹெடர் என்பதால் யாரும் பார்க்கவில்லை. கடையிலிருந்து வந்த ஹெடரில் 0.1 மி.மீ.க்கு மேல் வளைவு இருப்பது அரிதல்ல. எதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. முதல் போல்ட்டுக்கும் கடைசிப் போல்ட்டுக்கும் நடுவே இந்தத் தகடு ஏறத்தாழ 380 மி.மீ. நீளம். ஃபிளாஞ்ச் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால், 304 எஃகு அந்த நீளத்தில் சுமார் 2.5 மி.மீ. நீளும். அலுமினியத் தலை 100 டிகிரியில் நிற்பதால் 0.7 மி.மீ.தான் நீளும். வித்தியாசம் 1.8 மி.மீ. நடுப்பகுதி நிலையாக நின்றால் ஒவ்வொரு முனையும் 0.9 மி.மீ. வெளியே போக இடம் வேண்டும். துளை 10 மி.மீ., போல்ட் 9.5. கிடைத்த இடம் ஒரு பக்கத்துக்குக் கால் மி.மீ. கடைசித் துளைகளின் உட்புறத்தில் போல்ட் மரையின் அச்சு வரிவரியாகப் பதிந்திருந்தது. சாதாரண எஃகு ஹெடரானால் நீட்சி 1.7 மி.மீ.தான் வரும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் அதிகம் நீளும். இந்த விலையை வாங்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஸ்டியரிங் பக்கம்: வலது ஹெடரின் பின்குழாயில் பிறை வடிவில் ஒரு பளபளப்பு. அதற்கு நேராக, யுனிவர்சல் ஜாயிண்ட்டைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்டின் தலையில் பெயின்ட் போயிருந்தது. கிரேனை முழுவதும் விட்ட பிறகு மவுண்ட் ரப்பர் அமுங்கி எஞ்சின் 4 மி.மீ. இறங்கியிருந்தது. ஆக நேராக நிற்கும்போது இடைவெளி 6 மி.மீ. ஸ்டியரிங்கைக் கால் சுற்றுத் திருப்பினால் கவ்வும் போல்ட்டின் தலை குழாயை நோக்கித் திரும்புகிறது, இடைவெளி 3 மி.மீ. ஆகிறது. அதற்கு மேல் எஞ்சினின் புரளல். முன்னாலிருந்து பார்த்தால் கிராங்க் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. அதற்கு எதிர்வினையாக, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க, எஞ்சினின் இடப்பக்கம் எழும்பி வலப்பக்கம் அழுந்துகிறது. வலப்பக்க ஸ்டியரிங் காரில் அந்த வலப்பக்கத்தில்தான் ஷாஃப்ட் இருக்கிறது. முதல் கியரில் கரகரப்பு வந்ததன் காரணம் இதுவே.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குழாயை அந்த இடத்தில் சுத்தியலால் ஒடுக்கலாம் என்ற யோசனையே முதலில் வந்தது. பல பட்டறைகளில் இதைத்தான் செய்வார்கள், சிறு ஒடுக்கால் சக்தி ஒன்றும் பெரிதாகக் குறையாது. ஆனாலும் இங்கே அதை ஒதுக்கினார்கள். ஒடுக்கினால் கிடைப்பது 4 மி.மீ., தேவை அதைவிட அதிகம். 1.6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் அடிவாங்கிய இடத்தில் இறுகி, சூடும் அதிர்வும் சேர்ந்து அங்கேயே விரிசல் விடும்.

உள் மட்கார்டை வெட்டும் முறையைப் பட்டறை மறுபடி முன்வைத்தது. வெப்பம் எஞ்சின் அறையை விட்டே போய்விடும், ஸ்டியரிங்கும் தப்பும். உரிமையாளர் மறுத்தார். அவர் கார், அவர் முடிவு. வெட்டிய தகட்டு விளிம்பில் இங்கிலாந்து மழையும் சாலை உப்பும் என்ன செய்யும் என்பதும் அவருக்குத் தெரியும்.

முடிவில் செய்தது: வலது ஹெடரின் பின்குழாயை இரண்டு இடங்களில் அறுத்து, காரிலேயே எஞ்சின் இருக்க, புதுக் கோணத்தில் புள்ளிப் பற்று வைத்து, பிறகு கழற்றி டிக் வெல்டிங்கில் முழுதாகப் பற்றவைத்தார்கள். 308எல் பற்றுக் கம்பி, குழாயின் உள்ளே ஆர்கான் வாயு. உள்ளே ஆர்கான் விடாவிட்டால் பற்றின் அடிப்பக்கம் காலிஃபிளவர் போலக் கருகிப் பொருமும். பின்னாளில் உதிர்வதும் அதுதான். பற்றவைக்கும்போது ஃபிளாஞ்சை 20 மி.மீ. இரும்புப் பட்டையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அதனால் மீண்டும் வளையவில்லை.

இரு மவுண்ட்களும் புதியன, சற்றுக் கடினமான ரப்பர். இடது தலையின் முன்புறத்திலிருந்து உடல் சட்டத்துக்கு, இரு முனையிலும் ரப்பர் புஷ் உள்ள ஒரு பிடிப்புக் கம்பி. இடப்பக்கம் எழும்புவதை இது தடுக்கிறது.

ஃபிளாஞ்சைப் பெல்ட் கிரைண்டரில் தீட்டி, மேடுகளைக் காட்டும் நீல மை தடவிச் சமதளக் கல்லில் தேய்த்துப் பார்த்து 0.08 மி.மீ.க்குள் கொண்டுவந்தார்கள். தடிமன் 7.4 மி.மீ. ஆனது. நடுத்துளைகளை அப்படியே விட்டு, இரு முனைகளிலும் இருந்த துளைகளை நீளவாக்கில் 12 மி.மீ.க்கு அரத்தால் நீட்டினார்கள். தடித்த வாஷர் போட்டால் போல்ட் தலை அந்த நீள்துளையில் புதையாது.

போல்ட் துளைகளின் அடியை அடிமட்ட டேப்பால் (அடிவரை மரை வெட்டும் கருவி) சுத்தம் செய்து காற்றடித்தார்கள். டேப்பைக் கையால்தான் சுற்ற வேண்டும். அலுமினிய மரை ஒரு முறை போனால் ஹெலிகாயில் (புது மரையாகும் கம்பிச் சுருள்) வைப்பதைத் தவிர வழியில்லை. இங்கே ஒரு துளைக்கு அதுவும் தேவைப்பட்டது. புது போல்ட் 1 1/4 அங்குலம், அதாவது 31.75 மி.மீ. துளைக்குள் போவது ஏறத்தாழ 21 மி.மீ. போல்ட் விட்டத்தின் இரு மடங்கான 19-ஐத் தாண்டுகிறது, அடியையும் முட்டவில்லை.

ஸ்டார்ட்டர் விஷயத்தில் இரண்டு காரணங்கள் கலந்திருந்தன. நிறுத்திய பத்தாவது நிமிடம் ஸ்டார்ட்டர் உறை 118 டிகிரி காட்டியது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 100 டிகிரி ஏறினால் சொலினாய்டு (ஸ்டார்ட்டரை இயக்கும் மின்காந்தம்) சுருளின் தடை கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு கூடுகிறது. அத்தோடு, சாவி வழியாக வரும் பழைய மெல்லிய வயரில் வோல்டேஜ் விழுந்து சொலினாய்டு முனையில் 8.1 வோல்ட் மட்டுமே வந்தது. ஆகவே ஹெடருக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவே 1.2 மி.மீ. அலுமினியத் தகடு, இரு பக்கமும் 10 மி.மீ. காற்று இடைவெளியோடு. அதோடு பேட்டரியிலிருந்து நேரே சொலினாய்டுக்கு ஒரு ரிலே. தகடு ஹெடரைத் தொட்டுக்கொண்டிருந்தால் மறைப்பதற்குப் பதில் அதுவே சூட்டைக் கடத்தும்.

ஹெடருக்குக் கண்ணாடிநார் பட்டை சுற்றலாமா என்று உரிமையாளர் கேட்டார். வேண்டாம் என்று சொன்னார்கள். பட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும், குழாயின் வெப்பத்தை ஏற்றும், விரிசல் வந்தால் கண்ணில் படாது. பதிலுக்கு, பற்று வேலை எல்லாம் முடிந்தபின் செராமிக் பூச்சு. பிளக் வயர்களில் பின்பக்க நான்குக்கு வளைந்த தொப்பியும் கண்ணாடிநார் உறையும். வலப்பக்கத்தில் பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்களின் குழாய்கள் ஹெடருக்கு மேலே போவதால் அவற்றின் கீழும் ஒரு சிறு தகடு.

சூட்டை அளப்பதில் ஒரு எச்சரிக்கை: பளபளப்பான ஸ்டெயின்லெஸ்ஸில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். மேட் கறுப்புப் பெயின்ட் ஒரு புள்ளி வைத்து அங்கே அளந்தார்கள். முதலில் அப்படி வைக்காமல் அளந்ததில் 140 டிகிரி என்று வந்த இடம், புள்ளி வைத்ததும் 300-ஐத் தாண்டியது.

இரண்டாம் பொருத்தலும் தொடர்ந்தவையும்

இம்முறை எஞ்சினை ஹெடர் இல்லாமலே மவுண்டில் உட்கார வைத்து, கிரேனைக் கழற்றி, இரண்டு நாள் விட்டார்கள். பிறகு ஹெடர். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முதல் சுற்றில் 10, இரண்டாவதில் 20 நியூட்டன் மீட்டர்.

இடைவெளியை அளக்க, ஜாயிண்ட்டில் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டினார்கள். இடது தலையின் கொக்கியில் கிரேனை மாட்டி, பிடிப்புக் கம்பி இறுகும்வரை எஞ்சினைப் புரட்டி, அந்த நிலையிலேயே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பினார்கள். களிமண்ணை வெட்டிப் பார்த்தபோது மிக மெலிந்த இடம் 9 மி.மீ. எஞ்சின் சும்மா நிற்கும்போது 14.

கீழ்க்குழாயை உடலில் தொங்கவிடும் முதல் ரப்பரைக் கியர் பெட்டியின் பின்முனைக்கு மாற்றினார்கள். உடலோடு இறுக்கிக் கட்டிய குழாய், எஞ்சின் புரளும்போதெல்லாம் ஃபிளாஞ்சைத்தான் நெம்பும்.

முதல் சூடு ஏறி முழுதும் ஆறிய பின் மறுமுறுக்கு. பெரும்பாலான போல்ட்கள் கொஞ்சம் திரும்பின. 50 மைலில் நான்கு திரும்பின. 500 மைலில் இரண்டு மட்டும், அவை நீள்துளையில் இருந்தவை. 2,000 மைலில் ஒன்றும் அசையவில்லை. சோப்பு நீர் சோதனையில் நுரை இல்லை. நிறுத்திய பத்தாவது நிமிடம் ஸ்டார்ட்டர் உறை 84 டிகிரி. சூட்டில் கிளம்ப மறுப்பது அதன் பிறகு வரவில்லை. மொத்த மறுவேலைக்கு 31 மணி நேரம் போனது.

எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் மாறியதை உரிமையாளர் பதிவு அலுவலகத்துக்கு எழுதினார். நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு பிரிட்டனில் ஆண்டுச் சோதனை விலக்கு உண்டு. ஆனால் சிலிண்டர் எண்ணிக்கை மாறியிருந்தால் அந்த விலக்கு கேள்விக்குள்ளாகும். அதே மாடலில் தொழிற்சாலையே வி8 போட்டிருந்தது என்று வாதிடலாம். அவர் வாதிடாமல் ஆண்டுதோறும் சோதனைக்கே கொண்டுபோவதாக முடிவு செய்தார்.

அடுத்த காரில் மாற்றுபவை

பட்டறை வேலை வரிசையை மாற்றிவிட்டது. எஞ்சின், கியர் பெட்டி, ஸ்டியரிங் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், பிரேக் குழாய் எல்லாம் இறுதி இடத்தில் நின்று, எஞ்சின் எடை மவுண்டில் 48 மணி நேரம் இருந்த பிறகே ஹெடரை ஆர்டர் செய்கிறார்கள். வலப்பக்க ஸ்டியரிங் காரின் படம் இல்லாமல் வாங்குவதில்லை. பெட்டியைத் திறந்ததும் ஃபிளாஞ்ச் கண்ணாடிப் பலகைக்குப் போகிறது. 0.1 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள், தீட்டிச் சரிசெய்வதில்லை. பதினாறு துளைகளின் ஆழத்தையும் அளந்து வேலை அட்டையில் எழுதுகிறார்கள்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. வலப்பக்கம் பின்கோடியில் உள்ள பிளக்கை மாற்ற இப்போதும் மறைப்புத் தகட்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அடுத்த முறை தகட்டை இரண்டு துண்டாகச் செய்து, பிளக் பக்கத் துண்டைக் கால் திருப்பில் கழலும் இரண்டு பிடிப்புகளில் மாட்டுவதாக வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள்.